பராமரிப்பவரும் மாற்றுத்திறனாளியா? இரண்டு ஃபைல் போடுங்கள்

பார்வையில்லாத அம்மா, மூளை முடக்குவாதம் உள்ள மகன். அரசுப் படிவங்களைப் பொறுத்தவரை ஒருவர் உதவி பெறுபவராக இருக்கலாம், இல்லையென்றால் உதவி செய்பவராக இருக்கலாம். இரண்டுமாக இருக்கும் இந்த அம்மாவுக்கு அதில் கட்டமே கிடையாது. அதனால் முதல் நாளே இரண்டு ஃபைல் போட்டுவிட வேண்டும். இருவருக்கும் தனித்தனி யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை), தனித்தனி நகல்கள். ஒரே உறையில் போட்டுக் கொடுத்தால் யார் விண்ணப்பதாரர் என்ற குழப்பத்திலேயே அது திரும்பி வரும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பராமரிப்பாளரைத் தெளிவாகவே சொல்கிறது. பணம் வாங்கியோ வாங்காமலோ கவனித்துக்கொள்ளும் பெற்றோர், குடும்பத்தார் எல்லோரும் அதில் அடங்குவர். அவருக்கு ஊனம் இருக்கக் கூடாது என்று ஒரு வரியும் இல்லை. ஆனால் பிரிவு 24 சொல்லும் பராமரிப்பாளர் படித்தொகை, உயர் ஆதரவு (அன்றாட வாழ்க்கைக்குத் தீவிரமான துணை) தேவைப்படும் மாற்றுத்திறனாளியின் பெயரில்தான் வருகிறது. ஆகவே அந்த மனு மகனுடைய ஃபைலில் போக வேண்டும். தமிழ்நாட்டின் மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் அப்படித்தான்.

பிரிவு 38-இன்படி உயர் ஆதரவை மதிப்பீட்டு வாரியம் பார்த்துச் சொல்ல வேண்டும். அட்டையில் உள்ள சதவீதத்தைக் காட்டினால் போதும் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். அன்றாட வேலைக்கு எவ்வளவு துணை வேண்டும் என்பதே கேள்வி. ஒரு வாரக் குறிப்பு எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை முறை தூக்க வேண்டியிருக்கிறது, ஊட்ட எவ்வளவு நேரம், இரவில் எத்தனை முறை புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள். அம்மாவால் தனியாக எது முடியவில்லை, அதற்கு வேறு யார் வருகிறார் என்பதையும் எழுதுங்கள். "தகுதியில்லை என்று சொல்லிவிடுவார்களோ" என்று பயந்து தன் ஊனத்தை மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால் வீட்டில் ஆள் பலம் இருப்பதாகத்தான் பதிவாகும்.

பெரிய சிக்கல், மகனுக்கு 18 வயது முடிந்த பிறகு; அதன்பின் பெற்றோர் தானாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலர் சான்று வாங்கலாம். மாவட்ட ஆட்சியரைக் கொண்ட உள்ளூர் அளவிலான குழுவிடம் மனு போக வேண்டும். விதிகள் விலக்குவது யாரை? குற்றத் தண்டனை பெற்றவர், திவாலானவர், மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர், பிழைப்புக்குப் பிறரை நம்பியிருக்கும் ஆதரவற்றவர். உடல் ஊனமோ பார்வையின்மையோ இதில் இல்லை. ஆனால் உதவித்தொகை வாங்குபவரை அந்தக் கடைசி வகையில் தள்ளிவிடும் ஆபத்து உண்டு. வருமானம், சேமிப்பு, வீட்டுப் பத்திரம் எது இருந்தாலும் மனுவோடு இணையுங்கள். பெற்றோர் இருவரும் சேர்ந்தே விண்ணப்பிப்பது இன்னும் நல்லது. பாதுகாவல் மகளுக்கு என்றால் ஆண் ஒருவரை மட்டும் பாதுகாவலராக ஏற்கமாட்டார்கள். அவருடைய மனைவியும் சேர வேண்டும். மனநோய்க்குச் சிகிச்சை பெறும் தாய்க்கு இந்த விதி அநியாயம்தான். இப்போதைக்கு வேறொரு உறவினர் பெயரில் சான்று வாங்கிக்கொண்டு, பராமரிப்பாளர் என்ற இடத்தைத் தாய் வைத்துக்கொள்ளலாம்.

சான்று கிடைத்த ஆறு மாதத்துக்குள் மகனின் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். பிறகு ஆண்டுதோறும் நிதியாண்டு முடிந்த மூன்று மாதத்துக்குள் கணக்கு. பார்வையில்லாதவர் இதை நினைவிலேயே வைத்துக்கொள்ளாமல் செலவை வங்கி வழியாகச் செய்துவிட்டால் பாஸ்புக்கே கணக்காகிவிடும். பார்வையில்லாதவர் என்பதற்காகக் காசோலைப் புத்தகமோ ஏடிஎம் அட்டையோ மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சொல்லியிருக்கிறது. கிளையில் தயங்கினால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

மத்திய அரசு வேலையில் இருக்கும் மாற்றுத்திறனாளித் தாய்க்குக் குழந்தை வளர்ப்புச் சிறப்புப் படி உண்டு. 2017 ஜூலையில் மாதத்துக்கு 3000 ரூபாயாக இருந்தது, 2024 ஜனவரி முதல் 3750 ரூபாய் ஆனது; குழந்தைக்கு 2 வயது வரை, இரண்டு குழந்தைகளுக்கு மட்டும். அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போதெல்லாம் இது 25 சதவீதம் ஏறும்.

வருமான வரியிலும் இரண்டு ஃபைல் கணக்குதான். 2026 மார்ச் வரையிலான வருமானத்துக்குப் பொருந்தும் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பழைய வரி முறையில், அம்மா தன் ஊனத்துக்காக 80யு பிரிவிலும், தன்னைச் சார்ந்திருக்கும் மகனுக்காக 80டிடி பிரிவிலும் என இரண்டு வரிக் கழிவையும் கேட்கலாம். ஒவ்வொன்றும் 75,000 ரூபாய்; ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. மகன் தன் பெயரில் 80யு கேட்டிருந்தால் அம்மாவின் 80டிடி போய்விடும்.