ச்சொத்தோ

அக்டோபர் 5, ஒசாகா

இன்று ஜப்பானிய மொழி வகுப்பில் அனுமதி கேட்கும் பாடம். வினையின் 'தே' வடிவத்தோடு 'மோ ஈ தெஸ் கா' சேர்த்தால் போதும். 'ஷஷின் ஓ தொத்தேமோ ஈ தெஸ் கா?' படம் எடுக்கலாமா? பக்கத்து இருக்கை பிரேசில்காரர் தலையைப் பிய்த்துக்கொண்டார். எனக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. 'மோ' நம் 'உம்', 'கா' நம் கேள்வி 'ஆ'. 'எடுத்தாலும் பரவாயில்லையா?' என்று அப்படியே உட்காருகிறது. படுத்துவது 'தே'தான். குடித்து என்றால் நொந்தே, எழுதி என்றால் கைதே. 'போய்' மட்டும் விதிக்கு அடங்காமல் இத்தே.

அக்டோபர் 8

பழைய துணிக்கடையில் வெள்ளோட்டம். 'கிதே மிதேமோ ஈ தெஸ் கா?' கிதே, போட்டு. மிதே, பார்த்து. போட்டுப் பார்க்கலாமா! அந்தப் 'பார்' கூட அப்படியே இருக்கிறது. 'தோஸோ', அதாவது தாராளமாக, என்று திரையை விலக்கிவிட்டார் கடைக்காரப் பெண். சட்டை தொளதொள. வாங்கவில்லை.

அக்டோபர் 12

கியோத்தோ, சஞ்சூசங்கென்தோ என்ற பௌத்தக் கோயில். கருணையின் வடிவான கன்னோனுக்கு 1001 சிலைகள், ஒரே நீள மண்டபத்தில். படமெடுக்கத் தடை என்று பலகை இருந்தும், பேசிப் பார்க்கும் ஆசையில் காவலரிடம் பாட வாக்கியத்தை ஒப்பித்தேன். வாயே திறக்கவில்லை, இரண்டு முன்கைகளையும் மார்புக்கு முன் பெருக்கல் குறி போல வைத்தார். 'கூடாது' என்பதற்கு மாங்கு மாங்கென்று மனப்பாடம் செய்த 'இகேமசென்' யார் வாயிலிருந்தும் வரக் காணோம்.

அக்டோபர் 15

வீட்டுக்கார அம்மாவிடம் வாசலோரம் சைக்கிள் நிறுத்தலாமா என்று கேட்டேன். 'ஆ, சொகோ வா ச்சொத்தோ...' என்று இழுத்தார். ச்சொத்தோ என்றால் கொஞ்சம். சரி, கொஞ்ச நேரம் நிறுத்தலாம் போல என்று விட்டுவிட்டுப் போனேன். சாயங்காலம் வந்தால் சைக்கிள் பின்கட்டில், குப்பைத் தொட்டி பக்கத்தில்.

ஆசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். அந்த இழுவைக்குக் 'கூடாது' என்று அர்த்தமாம். கடன் கேட்டால் நாமும் 'இந்த மாசம் கொஞ்சம்...' என்றுதானே இழுக்கிறோம்? எனக்கே உறைத்திருக்க வேண்டும்.

அக்டோபர் 17

அலுவலகத்தில் மூத்தவர் ஜன்னலைத் திறக்கலாமா என்றார். 'அகேதேமோ ஈ தெஸ் யோ' என்று முழு வாக்கியமாகப் பெருமையாகச் சொன்னேன். பெரியவர்களிடம் அப்படிச் சொன்னால் நான் என்னவோ அனுமதி கொடுப்பது போலவாம். வெறும் 'தோஸோ' போதும். அப்புறம் ஏன் பாடத்தில் வைத்தார்கள்?

அக்டோபர் 20

இரவு கதவு தட்டும் சத்தம். வீட்டுக்கார அம்மா, கையில் ஒரு பை மிகான் ஆரஞ்சு.

'ச்சொத்தோ ஈ தெஸ் கா?'

'ஹை, தோஸோ.'