செவலையை விட்டுவிட்டுப் போன இரண்டு ராத்திரி

சித்தி பொண்ணுக்கு ஆவணியில் கல்யாணம், திருநெல்வேலியில். பத்திரிகை வந்த அன்று வீட்டில் எல்லோரும் புடவை, மொய், ரயில் டிக்கெட் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனசில் ஓடியது ஒன்றுதான். செவலைக்கு ராத்திரி எட்டு மணி மாத்திரையை யார் கொடுப்பார்கள்?

செவலை சென்னை நங்கநல்லூரில் எங்கள் தெருவிலேயே பிறந்த நாட்டு நாய். பெட்டை, ஏழு வயது, இருபது கிலோ. மூன்று வயதில் ஒரு விடியற்காலை சமையலறை வாசலில் விழுந்து, கால்களை உதைத்துக்கொண்டு, வாயில் நுரை தள்ளியது. ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினோம். ரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, வேறு கோளாறு இல்லை, வலிப்பு நோய்தான் என்றார்கள். அன்றிலிருந்து ஃபீனோபார்பிட்டோன் மாத்திரை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, காலை எட்டு, இரவு எட்டு. அதை திடீரென்று நிறுத்தினாலோ வேளை தவறவிட்டாலோ, அடங்கிக் கிடக்கும் வலிப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். இந்த நான்கு வருடத்தில் நானும் என் கணவரும் சேர்ந்து வெளியூரில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. ஒருவர் போனால் ஒருவர் வீட்டில் இருப்போம். இந்தக் கல்யாணத்துக்கு அப்படி முடியாது. சித்தப்பா இல்லை, மணமேடையில் முறை செய்ய நாங்கள் இரண்டு பேரும் நிற்க வேண்டும்.

கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று முதலில் பார்த்தோம். ரயிலில் நாய்க்கு இரண்டே வழிதான். முதல் வகுப்பு ஏசியில் கூப்பே என்கிற தனி அறை முழுவதையும் நாமே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ரயில் கார்டு இருக்கும் பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் அனுப்ப வேண்டும். ராத்திரி முழுக்க கூண்டில் தனியாக, வலிப்பு உள்ள நாயை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. காரில் போனால் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். போய்ச் சேர்ந்தாலும் கல்யாண வீடு, மேளம், வெடி. அந்த யோசனையை அன்றே விட்டுவிட்டோம்.

அடுத்து, நாய்களைத் தங்கவைக்கும் விடுதிகள். மூன்று இடங்களை நேரில் போய்ப் பார்த்தேன். படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் நேரில் போனது நல்லதாகப் போயிற்று. தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்க்கும் இடத்தில் எனக்கு உடனே நம்பிக்கை வந்தது. வெறிநாய்க்கடி ஊசி, பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசி, உண்ணிக்கு மருந்து கொடுத்த தேதி, எல்லாம் கேட்டார்கள். பல நாய்கள் சேரும் இடத்தில் இதைக் கேட்காவிட்டால்தான் பயப்பட வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு உண்ணி வருஷம் முழுக்க இருக்கிறது. ஒரு நாயிடமிருந்து ஏறினால் உண்ணிக் காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

ஆனால் மூன்று இடத்திலும் நான் கேட்ட ஒரு கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. "ராத்திரி பத்து மணிக்கு மேல நாய்ங்க கூட யார் இருப்பாங்க?" ஓரிடத்தில் கேமரா இருக்கிறது என்றார்கள். இன்னோரிடத்தில் பையன் மாடியில் படுத்திருப்பான் என்றார்கள். மூன்றாவது இடத்தில் எல்லாம் சுத்தமாக, நன்றாகத்தான் இருந்தது. பேச்சுவாக்கில், "நைட்டு தண்ணி வைக்க மாட்டோம் மேடம், கூண்டுல மூத்திரம் போயிடும்" என்றார் ஒருவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மாத்திரை சாப்பிடும் நாய்க்குத் தாகம் அதிகம், பசி அதிகம், மூத்திரமும் அடிக்கடி வரும். தண்ணீரை எடுத்துவிடுவது அதற்குப் பெரிய கொடுமை. அவரைக் குறை சொல்லவில்லை, மற்ற நாய்களுக்கு அது ஒத்துப்போகலாம். செவலைக்கு ஒத்துவராது.

வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணை ஒரு செயலி மூலம் கண்டுபிடித்தோம். கல்லூரியில் படிக்கிற பிள்ளை, நாய் என்றால் உயிர். ஒத்திகையாக ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை வரச் சொல்லிவிட்டு நாங்கள் வெளியே போனோம். திரும்பி வந்தபோது செவலை சந்தோஷமாகத்தான் இருந்தது. மாத்திரையை இட்லியில் வைத்துக் கொடுத்தேன், சாப்பிட்டுவிட்டது என்று அந்தப் பெண் சொன்னாள். மறுநாள் காலை கூட்டும்போது சோபாவுக்கு அடியில் அந்த மாத்திரை கிடந்தது. இட்லி மட்டும் போயிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. செவலை மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்து பிறகு துப்பும் என்பதை நான்தான் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். நல்ல வேளை, அன்று வலிப்பு எதுவும் வரவில்லை.

உடனே எங்கள் டாக்டருக்குப் போன் செய்தேன். தவறிப்போன வேளைக்கு என்ன செய்வது என்று அவர் சொல்லிவிட்டு, "நீங்களா ரெண்டு சேர்த்துக் கொடுத்துடாதீங்க, எப்பவும் கேட்டுட்டுக் கொடுங்க" என்றார். அரை மணி, ஒரு மணி முன்னே பின்னே ஆனால் பாதகமில்லை, ஒரு வேளை முழுக்கத் தவறக் கூடாது என்றும் சொன்னார்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. நாங்கள் இருவரில் ஒருவர் போகாமல் இருந்துவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டோம். அப்போதுதான் ஒரு நாள் காலை, தெருமுனை வேப்பமரத்தடியில் இஸ்திரி போடும் அக்காவிடம் துணியைக் கொடுக்கப் போனேன். செவலையும் கூட வந்தது. வழக்கம்போல நேரே தள்ளுவண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வண்டிக்கு மேலே கரிப்பெட்டி கனன்றுகொண்டிருக்க, கீழே நிழலில் அது நீட்டிப் படுத்திருந்தது. அக்கா ஒரு கையால் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே, காலால் தண்ணீர்க் கிண்ணத்தை அதன் பக்கம் தள்ளினார். நான்கு வருடமாக நான் தினமும் பார்க்கிற காட்சி. அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அதுக்கென்ன கண்ணு, நானும் பாப்பாவும் வந்து படுத்துக்கறோம்" என்றார். பாப்பா என்றது ஒன்பதாவது படிக்கும் அவர் மகள். வலிப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. "எங்க அண்ணனுக்கு இருந்துச்சு. நான் பார்த்திருக்கேன்" என்றார்.

பணம் வேண்டவே வேண்டாம் என்று ஒரே பிடிவாதம். விடுதியில் நாளுக்கு 700 ரூபாய் கேட்டார்கள், அதைத்தான் உங்களுக்குத் தருகிறேன், வாங்கினால்தான் நான் நிம்மதியாகப் போவேன் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தேன். பழக்கத்தை வைத்துச் சும்மா வேலை வாங்கக் கூடாது என்பதில் எனக்கு உறுதி. ராத்திரி தூக்கம் கெட்டு ஒரு உயிரைப் பார்த்துக்கொள்வது வேலைதான்.

இந்தத் தடவை ஒத்திகையை அவசரப்படாமல் செய்தோம். முதல் வாரம் தினமும் இரவு எட்டு மணிக்கு அக்கா வீட்டுக்கு வருவார், நான் பக்கத்தில் நிற்பேன், அவர் மாத்திரை கொடுப்பார். இரண்டாம் நாளே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வாழைப்பழத்தை மூன்று துண்டாக நறுக்கினார். முதல் துண்டை வெறுமனே கொடுத்தார். இரண்டாவதில் மாத்திரையைப் புதைத்து விரலால் மூடினார். மூன்றாவதை இன்னொரு கையில் அதன் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கொடுத்தார். மூன்றாவது கிடைக்க வேண்டுமே என்கிற அவசரத்தில் செவலை இரண்டாவதை மெல்லாமலே விழுங்கியது. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்குவதை இரண்டு பேரும் பார்த்தோம். நான்கு வருடம் நான் தாடையைப் பிடித்துத் திறந்து, தொண்டையைத் தடவி, போராடிக்கொண்டிருந்த விஷயம் அது.

இரண்டாம் வாரம் நாங்கள் தாம்பரத்தில் என் அண்ணன் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினோம். அக்காவும் பாப்பாவும் எங்கள் வீட்டில் படுத்தார்கள். பதினொரு மணி வரைக்கும் செவலை வாசல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றதாம். அக்கா அதைக் கூப்பிடவில்லை, இழுக்கவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே பாயை விரித்துப் படுத்துக்கொண்டாராம். கொஞ்ச நேரத்தில் அது வந்து கால்மாட்டில் சுருண்டுவிட்டது. மறுநாள் இதைக் கேட்டதும் திருநெல்வேலிக்குப் போகலாம் என்று எனக்குத் தைரியம் வந்தது.

நான் இரண்டு பக்கத்துக்கு எழுதிவைத்திருந்த குறிப்புகளை அக்கா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பாப்பா படிச்சுச் சொல்லுவா. எனக்கு மாத்திரைய மட்டும் பொட்டலமா மடிச்சுக் குடு" என்றார். மூன்று பொட்டலம் மடித்தேன். வியாழன் காலைக்கு ஒன்று, வியாழன் இரவுக்கு ஒன்று, வெள்ளிக்கிழமை எங்கள் வண்டி தாமதமானால் கொடுக்க ஒன்று. காலிப் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொன்னேன். கொடுத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்தால் அதுதான் சாட்சி.

குறிப்பில் நான் முக்கியம் என்று நினைத்ததைப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். வலிப்பு வந்தால் முதலில் மணி பார்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் நாற்காலி, ஸ்டூலை நகர்த்திவிட்டு, விளக்கை அணைத்து, மின்விசிறியைப் போட வேண்டும். வாய்க்குள் கையையோ கரண்டியையோ விடவே கூடாது. நாக்கை விழுங்கிவிடும் என்று சொல்வது உண்மையில்லை, கடிபடுவதுதான் மிச்சம். கையில் இரும்பு கொடுப்பதும் வேண்டாம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டாவது தடவை வந்தாலோ, எங்களைக் கேட்டுக்கொண்டிருக்காமல் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டாக்டரிடம் முன்பே சொல்லி, நாங்கள் இல்லாதபோது இவர்கள் கொண்டுவந்தால் சிகிச்சை செய்யலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தோம். ஆட்டோ செலவுக்குப் பணத்தை மருந்துச் சீட்டோடு ஒரே கவரில் வைத்தோம்.

அப்புறம் கதவு விஷயம். நாம் இல்லாத வீட்டில் நாய் நம்மைத் தேடிக்கொண்டு வெளியே பாய்ந்துவிடுவதுதான் எனக்கு வலிப்புக்கு அடுத்த பெரிய பயம். கழுத்தில் கயிறு மாட்டாமல் வாசல் கதவைத் திறக்கக் கூடாது, பால்காரர் வந்தாலும் சரி. கழுத்துப்பட்டையில் எங்கள் போன் எண்ணோடு அக்கா எண்ணையும் சேர்த்துப் பொறித்தோம். சாப்பாட்டை வேளைக்கு ஒரு டப்பாவாக அளந்து வைத்தேன். மாத்திரையின் பசியில் அது எப்போதும் சாப்பிடாததைப் போலவே பார்க்கும், அந்தப் பார்வைக்கு இரங்கக் கூடாது என்று பாப்பாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

புதன்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸ். ஏழரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பதால் ஏழே காலுக்கே மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். நான் போட்டிருந்த பழைய நைட்டியைத் துவைக்காமல் அதன் படுக்கையில் விரித்தேன். கிளம்பும்போது கொஞ்சவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று இறங்கிவிட்டேன்.

வியாழன் காலை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்குப் பாப்பா போட்டோ அனுப்பினாள். பிரித்த பொட்டலக் காகிதம், பக்கத்தில் வாழைப்பழத் தோல். தாலி கட்டி முடிந்த கூட்டத்துக்கு நடுவில் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி திரும்பும் ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் அக்காவே கூப்பிட்டார். சென்னையில் இடி மழையாம். செவலை நடுங்குகிறது, ஆனால் வலிப்பு இல்லை, இரண்டாவது பொட்டலமும் கொடுத்தாயிற்று, டிவியைச் சத்தமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்றார். "நீ தூங்கு கண்ணு" என்று வைத்துவிட்டார். நான் நிஜமாகவே தூங்கினேன்.

எழும்பூரில் இறங்கி, மின்சார ரயில் பிடித்து, பழவந்தாங்கலில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது மணி எட்டாகப் பத்து நிமிடம் இருந்தது. செவலை என் மேல் ஏறிக் குதித்து, கீழே விழுந்து புரண்டு, மறுபடி ஏறியது. அக்கா இடுப்பில் செருகியிருந்த முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்து வைத்த இரண்டு காலிக் காகிதத்தையும் பிரிக்காத மூன்றாவது பொட்டலத்தையும் என் கையில் வைத்தார்.

பழத்தை நறுக்கினேன். முதல் துண்டு, அப்புறம் மாத்திரை வைத்த துண்டு. இரண்டையும் விழுங்கிவிட்டுச் செவலை என் இன்னொரு கையைப் பார்த்தது. பயண அலுப்பில் மூன்றாவது துண்டை நறுக்கவே மறந்திருந்தேன். பின்னாலிருந்து அக்கா, "அதுக்குக் குடுத்துடு, காத்துட்டிருக்கு பாரு" என்றார்.