வைகை வந்து அடங்கும் இடம்

நேற்று மாலை இராமநாதபுரம் பெரிய கண்மாய் என்னும் ஏரியின் கரையில் நெடுநேரம் நின்றிருந்தேன். வருசநாட்டு மலையில் பிறந்து, மதுரையையும் சிவகங்கைச் சீமையையும் கடந்து, ஏறத்தாழ 258 கிலோமீட்டர் நடந்து வரும் வைகை, நேரே கடலில் விழாமல் இந்தக் கண்மாயில்தான் வந்து அடங்குகிறது. நிறைந்து மிஞ்சும் நீரே ஆற்றங்கரை என்னும் ஊரருகே பாக் நீரிணையைச் சேர்கிறது. தெற்கே குண்டாறு மன்னார் வளைகுடாவை நாடுகிறது.

தட்டையான தாழ்நிலம் என்பதால் இங்கே வெள்ளம் விரைந்து வடியாது, பரந்து நிற்கும். அதை அறிந்தே முன்னோர் பிறை வடிவில் கரை எழுப்பி, மேல் கண்மாயின் மிகைநீர்ப் போக்கியான கலுங்கில் வழியும் நீர் கீழ்க் கண்மாய்க்கு வரத்தாகும்படி அமைத்தார்கள். எத்தனை நுட்பமான கணக்கு அது! இன்று கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களில் சீமைக்கருவேல் மண்டிக் கிடப்பதைக் காண மனம் பொறுக்கவில்லை.

கடலோரத்தில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர். மணல்மேடுகளில் மட்டும், உள்ளிறங்கிய மழைநீர் கனத்த உப்புநீரின்மேல் மிதந்து நிற்பதால், ஆழமில்லாத ஊற்றுகளில் நல்ல தண்ணீர் சுரக்கிறது. மிகுதியாக இறைத்தால் அடியிலிருக்கும் உப்பு மேலேறிவிடும் என்பதால், எங்கள் அம்மாச்சி தேங்காய்ச் சிரட்டையால் சிறிது சிறிதாகக் கோலித்தான் குடத்தை நிரப்புவார்.