சம்பளச் சீட்டு இல்லாதவரின் வீட்டுக் கடன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வாரத்திற்கு ஐந்து இரவுகள் பாசார் மாலாம் எனப்படும் இரவுச் சந்தையில் வடையும் பஜ்ஜியும் விற்கும் என் மச்சான், வீட்டுக் கடன் கேட்டு முதன்முறை வங்கிக்குப் போனபோது கையில் கொண்டு போனவை எண்ணெய்க் கறை படிந்த மூன்று 555 புத்தகங்கள், அதாவது சின்னக் கணக்கு நோட்டுகள். மாவு, பருப்பு, கேஸ், இடவாடகை என்று ஒவ்வொரு நாளின் செலவும், கோடு போட்டு அதன் கீழே அன்றைய விற்பனையும் அவற்றில் இருந்தன. முகப்பில் இருந்த அலுவலர் முதல் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை. "சம்பளச் சீட்டு இருக்கிறதா, அங்கிள்?" என்று கேட்டுவிட்டு அடுத்த எண்ணை அழைத்துவிட்டார்.

மாதம் நாலாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) குறையாமல் கையில் நிற்கும் மனிதர் அவர். வீட்டிலோ அவசரம். தோட்டத்தில் வேலை செய்யும் என் மாமனார் அடுத்த ஆண்டு 60 வயது நிறைந்து ஓய்வு பெறுகிறார். தோட்டத்து வீடு வேலையோடு வந்தது, வேலையோடு போய்விடும்.

இப்படிப்பட்டவர்களுக்காகவே நிதியமைச்சுக்குச் சொந்தமான எஸ்ஜேகேபி என்னும் வீட்டுக் கடன் உத்தரவாத நிறுவனம் 2008 முதல் இருக்கிறது. நிரந்தரச் சம்பளம் இல்லாத அங்காடி வியாபாரிகள், டாக்சி ஓட்டுநர்கள், இப்போது கிரேப் ஓட்டுவோர் ஆகியோர் முதல் வீடு வாங்கும்போது, 5 லட்சம் வெள்ளி வரையிலான கடனுக்கு அது வங்கியிடம் உத்தரவாதம் அளிக்கிறது. இதை ஊரில் 'அரசாங்கக் கடன்' என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயரால் விளையும் குழப்பம் கொஞ்சமல்ல. மனுவை வாங்குவதும், தகுதியை எடைபோடுவதும், பணம் கொடுப்பதும் வங்கிதான். தவணை நின்றால் வீடு ஏலத்திற்குப் போகும் என்பதிலும் மாற்றமில்லை. உத்தரவாதம் ஈடுகட்டுவது வங்கியின் நட்டத்தை.

ஆகவே, சீட்டு இல்லை என்ற ஒரே காரணத்திற்காகத் திருப்பி அனுப்பமாட்டார்கள் என்றாலும், சீட்டுக்குப் பதில் என்ன என்ற கேள்விக்கு நாம்தான் விடை கொண்டு போக வேண்டும். அந்த விடையைத் தயார் செய்ய எங்களுக்கு ஓராண்டு பிடித்தது. வியாபாரத்தை, நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிவு செய்தோம். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளிதான் கட்டணம். வருமான வரி வாரியத்திற்கு, வியாபார வருமானம் உள்ளவர்களுக்கான பி படிவம் அனுப்பினோம். வரி கட்ட வேண்டி வராவிட்டாலும், படிவம் வருமானத்திற்குச் சாட்சி சொல்லும் என்பதை மச்சானுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. "சும்மா இருக்கிறவனை வரிக்காரனிடம் மாட்டிவிடுகிறாய், மச்சான்" என்பதே அவருடைய வாதம்.

எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது திங்கட்கிழமைப் பழக்கம். விற்ற காசு பிஸ்கட் டின்னுக்குள் போய், டின்னிலிருந்து நேராக மாவுக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை மாற்றி, ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் முழு வசூலையும் கணக்கில் போட்டு, செலவுக்கு வேண்டியதை மீண்டும் எடுக்கச் சொன்னேன். ஐந்து வெள்ளி, ஒரு வெள்ளி நோட்டுகளாகவே இருந்ததால், பணம் போடும் இயந்திரம் எண்ணெய் பட்ட நோட்டுகளைத் திரும்பத் திரும்பத் துப்பியது. மச்சானின் மனைவியான அக்கா முதல் நாள் இரவே ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கி வைக்கத் தொடங்கினார்.

இதற்கிடையில் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிரிஸ் என்னும் கடன் பதிவு அறிக்கையை எடுத்துப் பார்த்தபோது வேன் கடன் காட்டிக்கொடுத்தது. தவணை எத்தனை மாதம் நிலுவை என்று காட்டும் கடந்த 12 மாதங்களுக்கான கட்டங்களில் 0 என்று இருக்க வேண்டிய இடத்தில், வேன் பழுதாகிக் கிடந்த காலத்தில் 1, அடுத்ததில் 2. 'பிளேக்லிஸ்ட்' என்று மச்சான் பதறினார். சிசிரிஸ் யாரையும் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பதில்லை. கட்டியதையும் கட்டாததையும் காட்டுகிறது, முடிவை வங்கி எடுக்கிறது. நிலுவையைத் தீர்த்துவிட்டு, அந்தக் கட்டங்கள் 12 மாத வரிசையிலிருந்து நகர்ந்து வெளியேறும்வரை காத்திருந்தோம். இதை முதலிலேயே பார்த்திருந்தால் நான்கு மாதங்கள் மிச்சமாகியிருக்கும். அது என் தவறு.

தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியில் 1,80,000 வெள்ளி விலையுள்ள ஒரு பழைய தரை வீட்டுக்குக் கடன் கடிதம் போன வாரம் வந்தது. வழக்கறிஞர் கட்டணத்திற்கும் மற்றச் செலவுகளுக்கும் தொழிற்சாலையில் வேலை செய்யும் அக்காவின் ஊழியர் சேமநிதியில் (இபிஎப்) உள்ள 'அக்காவுன் செஜாதெரா' கணக்கிலிருந்து எடுக்க மனு போட்டிருக்கிறோம். வங்கிக்குக் கொடுத்த கோப்பில் 555 புத்தகங்களுக்கு இடம் இல்லை. மச்சான் இன்னும் அவற்றில்தான் கணக்கு எழுதுகிறார்.