செவ்வாய்க்கிழமைக் கட்டைகள்

ஜனவரி 7, 2025

மாசசூசெட்ஸில் வூஸ்டருக்கு அருகே உள்ள இந்தச் சிற்றூரில் இப்போது மாலை நான்கரைக்கே இருட்டிவிடுகிறது. நூலகம் மூடிய பிறகு விளக்கெரியும் இடம் என்று பார்த்தால், கடைத்தெருவின் கோடியில் உள்ள, ‘கேண்டில்பின்’ என்ற ஒருவகைப் பவுலிங் ஆடும் கூடம் ஒன்றுதான். பக்கத்து வீட்டுப் பெரியவரின் செவ்வாய்க்கிழமை லீக் அணியில் ஓர் ஆள் குறைந்ததால், ஆட்டம் தெரியாத என்னை இன்று அழைத்துச் சென்றார்.

மால்களில் நாம் பார்த்திருக்கும் பவுலிங் அல்ல இது. பந்து நாலரை அங்குல விட்டமே உடையது; விரல் நுழைக்கும் துளை கிடையாது; உள்ளங்கையில் அடங்கிவிடும். பந்தால் வீழ்த்த வேண்டிய கட்டைகளோ பதினைந்தே முக்கால் அங்குல உயரமும், மெழுகுவர்த்தியைப் போன்ற ஒல்லி உடம்பும் கொண்டவை. பந்தின் எடை ஒரு கட்டையின் எடையைவிடக் குறைவு என்பதால், நேராகப் போய் மோதினாலும் அதுதான் விலகி ஓடுகிறது. என் முதல் பந்து உள்ளே புகுந்து இரண்டே கட்டைகளைச் சாய்த்தது. அப்படி முன்னும் பின்னுமாக இரண்டு மட்டும் விழுந்தால் அதற்கு ‘அரை வூஸ்டர்’ என்று பெயராம். சுற்றியிருந்தவர்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

ஜனவரி 14

ஒரு கட்டத்துக்கு, அதாவது ஒருவரின் ஒரு முறைக்கு, மூன்று பந்துகள். பத்துக் கட்டங்கள் சேர்ந்தது ஒரு ‘ஸ்ட்ரிங்’. விழுந்த கட்டைகளை இடையில் அகற்றுவதில்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விதி. கிடக்கும் கட்டையின் மேல் பந்தை விட்டு, அந்தக் கட்டை உருண்டு போய் நிற்கும் கட்டையைத் தட்டும்படி செய்யலாம்; எனவே ஒவ்வொரு பந்துக்கு முன்பும் எந்தக் கட்டை எப்படிக் கிடக்கிறது என்று கூட்டம் கூடி ஆராய்கிறது. பக்கத்து லேன்காரர்கள், அவர்கள் எதிரணியாகவே இருந்தாலும், கேட்காமலே யோசனை சொல்கிறார்கள். (பொங்கல் நாளென்று சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோயிருந்தேன்; பாத்திரம் காலியாகத் திரும்பியது.)

ஜனவரி 21

இந்த ஆட்டம் 1880இல் வூஸ்டரில் ஜஸ்டின் வைட் என்பவரால் தொடங்கப்பட்டது. இன்றும் நியூ இங்கிலாந்தையும் கனடாவின் கிழக்குக் கடலோர மாகாணங்களையும் தாண்டி இதைக் காண்பது அரிது. 300 புள்ளிகள் கொண்ட முழு ஆட்டத்தை இதுவரை ஒருவரும் ஆடியதில்லை. 1984இல் ரால்ஃப் செம்ப் எடுத்ததும், 2011இல் கிறிஸ் சார்ஜென்ட் எடுத்ததுமான 245தான் உச்சம். எங்கள் லீக்கில் நூறைத் தொட்டாலே ஊர் பேசுகிறது. தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் உள்ள தூரம் இவ்வளவு குறைவாக இருப்பதால்தான், எண்பது வயதுப் பாட்டியும் பத்து வயதுப் பேரனும் ஒரே அணியில் சங்கடமின்றி ஆட முடிகிறது என்று நினைக்கிறேன். 1958 முதல் 1996 வரை பாஸ்டனின் ஐந்தாம் சேனலில் சனிக்கிழமைகளில் ஒளிபரப்பான கேண்டில்பின் போட்டியை, அதை நெடுங்காலம் நடத்திய டான் கில்லிஸின் குரலோடு சேர்த்து, பெரியவர்கள் இன்னும் நினைவுகூர்கிறார்கள்.

பிப்ரவரி 4

மூன்றாம் லேனில் கட்டை அடுக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. முன்பெல்லாம் பள்ளிச் சிறுவர்கள் பின்னால் குந்தியிருந்து கட்டைகளை அடுக்குவார்களாம். பக்கத்து வீட்டுப் பெரியவரும் அப்படிச் சில்லறை சம்பாதித்தவர்தான். 1940களின் இறுதியில் வந்த ‘போல்-மோர்’ இயந்திரம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அதைச் செய்த நிறுவனம் இப்போது இல்லை. மூடப்பட்ட கூடங்களிலிருந்து கழற்றி வந்த உதிரிகளை உரிமையாளர் பின்னறையில் காப்பி டப்பாக்களில் போட்டு வைத்திருக்கிறார். அவர் உள்ளே போய் முக்கால் மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தார். ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்த ஒருவரை மருத்துவரிடம் யார் அழைத்துப்போவது, யார் வீட்டு வாசலில் பனி அள்ளுவது என்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் முடிவாயிற்று.

மார்ச் 4

இன்று 94. கடைசிப் பந்தை வீசிவிட்டு, கட்டைகளை மறுபடி அடுக்குவதற்கான பொத்தானை அழுத்த மறந்து நின்றேன். பத்து வயதுக்காரன் ஓடிவந்து அதை அழுத்திவிட்டு, “உங்களால்தான் தாமதம்” என்றான்.