சூட்டில் நீளும் கம்பி

எங்கள் ஆய்வகத்துக்கு வந்த பெரியப்பா, "எடையைக் கட்டித் தொங்கவிட்டுட்டுப் பார்த்துக்கிட்டே இருக்கிறதுதான் ஆராய்ச்சியாப்பா?" என்று கேட்டார். நல்ல கேள்வி.

அது க்ரீப் சோதனை, அதாவது சூட்டில் எடையைத் தாங்கும் உலோகம் மெதுவாக நீள்வதை அளக்கும் சோதனை. விரல் தடிமன்கூட இல்லாத ஸ்டீல் கம்பி, சுற்றிலும் உலை, உள்ளே 550 டிகிரி செல்சியஸ். கம்பியை ஒட்டிச் சூடு பார்க்கும் தெர்மோகப்பிள், நெம்புகோலில் எடை. சாதாரணமாக அந்த எடை கம்பிக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இந்தச் சூட்டில் அணுக்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கம்பி கண்ணுக்குத் தெரியாமல் நீளும். அப்புறம் படிக மணிகளின் (உலோகத்துக்குள் ஒட்டியிருக்கும் குட்டிப் படிகங்களின்) ஓரங்களில் நுண்துளைகள் சேர்ந்து ஒருநாள் அறுந்துவிடும். அதற்கு ஆயிரக்கணக்கான மணி நேரம்கூட ஆகலாம். அதுவரை கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு.

ஏன் 550? கல்பாக்கம் வேக ஈனுலை என்ற அணு உலையில் வெப்பத்தை எடுத்துச் செல்லும் திரவ சோடியம் ஏறக்குறைய அந்தச் சூட்டுக்கு வடிவமைக்கப்பட்டது. அங்குள்ள ஸ்டீல் பல பத்தாண்டுகள் தாங்க வேண்டும்.

விமான எஞ்சினின் டர்பைன் பிளேடுக்கு இன்னும் கஷ்டம். அதன் மேல் மோதும் வாயு, அந்த உலோகம் உருகும் சூட்டையே தாண்டியது. உள்ளே காற்று ஓடும் துளைகள், மேலே பீங்கான் பூச்சு. போதாததற்கு முழு பிளேடையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள், பிளந்துபோக மணி ஓரமே இருக்காது. மனிதர் செய்த பொருட்களில் இதைவிட அழகானது எனக்குத் தெரியவில்லை.

மேலூர், உசிலம்பட்டி பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் யாராவது ஆய்வகத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். துறையில் அனுமதி கேட்டு நானே அழைத்துப் போகிறேன்.