மருத்துவர் பார்க்காத அறிக்கைகள்

நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் நுரையீரல் வழக்கில் வக்கீல் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கையில் இருக்கும் ஐந்து அறிக்கைகளில் மூன்றை மட்டும் மருத்துவருக்கு அனுப்பினால் போதும். அந்த மருத்துவர் மனசாட்சிக்கு விரோதமில்லாமலே தவறான முடிவை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டவர்கள் உதவித்தொகை கேட்டுத் தொடுக்கும் அமெரிக்காவின் 'பிளாக் லங்' வழக்குகளில் நேர்மைக் கேள்வி தொடங்குவது இந்த இடத்தில்தான்.

1969ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த உதவித்தொகை இது. எக்ஸ்-ரேயில் 1 செ.மீ.க்கு மேல் விட்டமுள்ள நிழல் தெரிந்தாலோ, பயாப்சியில் (திசுப் பரிசோதனையில்) பெரிய திட்டுகள் தெரிந்தாலோ, தொழிலாளி நிமோகோனியோசிஸால் (தூசியால் வரும் நுரையீரல் நோயால்) முழுமையாக உழைக்கும் திறனை இழந்தவர் என்றே கொள்ள வேண்டும். சுரங்கக் கம்பெனி அதை மறுத்து வாதாடவே முடியாது. அதனால் ஒரே ஒரு திசு அறிக்கை முழு வழக்கையும் புரட்டிப் போட்டுவிடும்.

ஃபாக்ஸ் எதிர் எல்க் ரன் கோல் கம்பெனி வழக்கில் நடந்ததைப் பாருங்கள். மேற்கு வர்ஜீனியாத் தொழிலாளி. நுரையீரலில் இருந்த கட்டியின் திசுவைப் பார்த்த உள்ளூர் நோயியல் மருத்துவர் அது வெறும் அழற்சிக் கட்டி என்று எழுதினார். கம்பெனி தரப்பு அதே திசுவை வேறு இரண்டு நோயியல் மருத்துவர்களிடம் காட்டியது. இருவரின் அறிக்கையும் முற்றிய நிமோகோனியோசிஸையே காட்டின. அவை கம்பெனியின் சொந்த நுரையீரல் நிபுணர்களுக்குக்கூடப் போகவில்லை. போனது முதல் அறிக்கை மட்டும். வக்கீல் இல்லாமல் தனியாக வந்து நின்ற ஃபாக்ஸ் 2001இல் தோற்றார். மறுபடி சுரங்கத்துக்குள் இறங்கி 2006 வரை தூசியை சுவாசித்தார். இரண்டாவது மனுவில் வக்கீல் கிடைத்த பிறகுதான் அந்த அறிக்கைகள் வெளியே வந்தன. 2009இல் இறந்துபோனார். 2014இல் நான்காவது வட்டார (Fourth Circuit) மேல்முறையீட்டு நீதிமன்றம், அறிக்கைகளை மறைத்த இந்தச் செயல் 'நீதிமன்றத்தின் மீதான மோசடி' என்ற உயர்ந்த வரம்பை எட்டவில்லை என்று தீர்ப்பளித்தது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த ஐந்து வருடத் தூசிக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதை என்னால் கடந்துபோக முடியவில்லை.

அவருக்கு ஏன் வக்கீல் கிடைக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு: இந்த வழக்குகளில், கிடைக்கும் தொகையில் இத்தனை சதவீதம் வக்கீலுக்கு என்ற ஒப்பந்தம் செல்லாது. அதிகாரியோ நீதிபதியோ ஒப்புதல் தராமல் ஒரு டாலர்கூடக் கட்டணம் வாங்க முடியாது. ஜெயித்தால்தான் கட்டணம். வழக்கோ பல வருடம் இழுக்கும். தொழிலாளியைச் சுரண்டவிடாமல் காக்க வந்த விதிதான், ஆனால் வக்கீல்களையும் விரட்டிவிட்டது.

இன்னொரு விதியும் சேர்ந்துகொண்டது. தன் வாதத்தை நிறுவ ஒவ்வொரு தரப்பும் இரண்டு எக்ஸ்-ரே வாசிப்புகள், இரண்டு மருத்துவ அறிக்கைகள், ஒரு பயாப்சி அறிக்கை என்ற அளவில்தான் தாக்கல் செய்யலாம். ஆனால் எத்தனை பேரிடம் கேட்டு வாங்கலாம் என்பதற்கு வரம்பு கிடையாது. பத்து பேரிடம் படத்தைக் கொடுத்து, சாதகமான இரண்டை மட்டும் வைக்கலாம். வாசிப்புகள் மாறுபடுவது இயல்பு. எக்ஸ்-ரேயில் நோயின் அளவைக் குறிக்கும் குறியீட்டில் ஒருவர் 0/1 என்பார், அது நோய்க்கு ஆதாரமாகாது. இன்னொருவர் 1/0 என்பார், அது ஆகும். மீதி எட்டை மறைத்துவிட்டால், அந்த மாறுபாடே தெரியாமல் போகிறது.

2016இல் தொழிலாளர் துறை கொண்டுவந்த வெளிப்படுத்தல் விதி இதைத்தான் அடைக்கப் பார்த்தது. வழக்குக்காக உருவாக்கிய மருத்துவத் தகவல் எதுவானாலும், தாக்கல் செய்கிறோமோ இல்லையோ, கைக்கு வந்த 30 நாளில் மறுதரப்புக்குப் போக வேண்டும். விசாரணைத் தேதி குறித்துவிட்டால், அதற்கு 20 நாள் முன்னதாகவாவது போக வேண்டும். மீறினால், மறைத்த தகவல் அவருக்கு எதிரானது என்று ஊகிப்பது முதல் வக்கீலை வழக்கிலிருந்தே விலக்குவது வரை நீதிபதி செய்யலாம். தொழிலாளி தரப்புக்கும் இதே கடமை உண்டு. அதனால் நீங்கள் தொழிலாளியின் வக்கீல் என்றால், படத்தை நிபுணருக்கு அனுப்புவதற்கு முன்பே, முடிவு நமக்கு எதிராக வந்தாலும் கொடுத்தாக வேண்டும் என்று கட்சிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம் சொன்னால் அவருக்கு அது துரோகமாகத்தான் படும்.

விதி இருக்கிறதே என்று சும்மா இருக்கவும் கூடாது. எதிர்த்தரப்பு நிபுணரின் அறிக்கையில் 'பார்த்த ஆவணங்கள்' என்று முதலிலேயே ஒரு பட்டியல் வரும். பலரும் அதைத் தாண்டி முடிவுரைக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பட்டியலை உங்கள் கோப்போடு வரிவரியாக ஒப்பிடுங்கள், எதை அவர் பார்க்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பயாப்சி நடந்திருந்தால் மருத்துவமனையின் நோயியல் பிரிவுக்கு எழுதி, திசுக் கண்ணாடிகள் யாருக்கு, எந்தத் தேதியில் போயின என்று கேளுங்கள். போன இடத்தின் பெயர் இருந்து, அங்கிருந்து வந்த அறிக்கை கோப்பில் இல்லையென்றால், அதைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். 'தாக்கல் செய்யப்போகும் அறிக்கைகளைத் தரவும்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சாட்சியாக அழைக்காத மருத்துவர்கள் உட்பட, இந்தத் திசுவையோ படத்தையோ பார்த்த ஒவ்வொருவரின் பெயரும் அறிக்கையும் வேண்டும் என்று எழுதுங்கள்.